போர்க்காலத்தில் புகலிடம்



கம்பராமாயணத்தில் விபீடணன் அடைக்கலப் படலம் என்று ஒரு பகுதி உண்டு. உங்களுள் பலர் அதைப் பாடமாகவே படித்திருப்பீர்கள். போர் மூளப் போகும் வேளை. இராமனுடைய சேனை கடற்கரையில் தங்கியிருக்கிறது. அப்போது பகைவனாகிய இராவணனுடைய தம்பியே வந்து அபயம் வேண்டி நிற்கிறான். இராமன் தன் துணைவர்களைக் கருத்துக் கேட்கிறான். வந்தவன் பகைவனுக்கு உடன்பிறந்தவன், அரக்கர் குலத்தவன், வந்த காலமோ ஐயத்திற்குரிய காலம். ஆதலின் ஏற்பது தகாது என்பது சுக்கிரீவன் முதலியோர் கருத்து. அனுமன் மட்டும் மாறுபடுகிறான். விபீடணனுடைய மனையில் தான் கண்ட தூய்மையையும், தூதரைக் கொல்லுதல் முறையன்று என்று அவன் அண்ணனுடைய அவையிலேயே எடுத்துரைத்ததையும் சான்றாகக் காட்டுகிறான். இராமன் அனுமன் சொல்லை ஏற்று அடைக்கலம் தருகிறான்.

இந்த அவையிலே எழுந்த வினா என்ன? பகைவர் நாட்டிலிருந்து வந்த ஒருவனை அவனுடைய பிறப்பைக் கொண்டு மதிப்பதா, ஒழுகலாற்றைக் கொண்டு மதிப்பதா என்பதே அவ்வினா. காவியத்தில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. உலக நாடுகளின் சட்டத்தில் அந்த விடை எழுத்தில் ஏறுவதற்கு 1949-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு பல்லாயிரம் மக்கள் கம்பி வேலிக்குள் அடைபட்டார்கள், கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள், சிலர் கடலில் மாண்டார்கள், சிலர் கொலையாளிகளின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த வரலாற்றையும் அதிலிருந்து பிறந்த சட்டத்தையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அகதி என்பவர் யார் என்று தெளிவு செய்துகொள்வோம். கதியற்றவர் என்பதே அச்சொல்லின் நேர்ப் பொருள். வெளிநாட்டுக்குச் செல்லும் வணிகருக்கும் மாணவருக்கும் பின்னே ஓர் அரசு நிற்கிறது. அவருடைய கையில் உள்ள கடவுச்சீட்டு அந்த அரசின் குரல். அவருக்குத் தீங்கு நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு தூதரகம் உண்டு. அகதிக்கோ அந்தக் காப்பு இல்லை. எந்த அரசு அவரைக் காக்க வேண்டுமோ அந்த அரசுக்கு அஞ்சியே அவர் ஓடி வந்திருக்கிறார். வேலியே பயிரை மேயத் தொடங்கினால் பயிர் யாரிடம் முறையிடும்? அகதியின் நிலை அதுதான். சட்டத்தில் அவர் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கலாம்; உண்மையில் எந்த நாட்டின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை.

இக்குறையை முதன்முதலில் நன்கு உணர்ந்து செயற்பட்டவர் நார்வே நாட்டு நான்சென் என்பவர். வடதுருவப் பனிப்பரப்பில் துணிந்து பயணம் செய்து புகழ் பெற்றவர் அவர். முதல் உலகப் போரின்போது ரஷ்யப் புரட்சியும் அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போரும் நிகழ்ந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் ஐரோப்பாவெங்கும் சிதறினார்கள். 1921-ஆம் ஆண்டில் சோவியத் அரசு அவர்களுள் பெரும்பாலோருடைய குடியுரிமையை நீக்கிவிட்டது. எல்லையைக் கடக்கவோ வேலை தேடவோ அவர்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. அவ்வாண்டில் சர்வதேச சங்கம் நான்செனை அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமித்தது. 1922-இல் அவர் ஒரு சான்றிதழை வகுத்தார். நான்சென் கடவுச்சீட்டு என்று அது பெயர் பெற்றது. பின்னர் ஆர்மீனியர்களுக்கும் அது வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நோபெல் சமாதானப் பரிசும் அவரைத் தேடி வந்தது. நாடற்றவனுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, சட்டத்தின் முன் ஓர் இடம் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டதற்கு அந்தச் சிறு தாளே முதல் அடையாளம்.

நான்சென் 1930-இல் காலமானார். மூன்றே ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களும், ஹிட்லரின் கொள்கையை எதிர்த்தவர்களும் நாட்டை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். 1938-இல் ஆஸ்திரியாவும் ஜெர்மனியுடன் சேர்க்கப்பட்டபோது அந்த ஓட்டம் பெருவெள்ளமாயிற்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் பிரான்சு நாட்டில் ஏவியான் என்னும் ஏரிக்கரை ஊரில் கூடினார்கள். இரக்கத்திற்குப் பஞ்சமில்லை, இடத்திற்குத்தான் பஞ்சம். பெரும்பாலான நாடுகள் அனுதாபம் தெரிவித்தன. தம் கதவு ஏன் திறக்க முடியாது என்பதற்குக் காரணமும் தெரிவித்தன. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் சிறை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அதன் பிறகு இங்கிலாந்து தன் கதவைச் சற்று அகலத் திறந்தது. பெற்றோரைப் பிரிந்த ஏறத்தாழ 10,000 குழந்தைகளை மட்டும் அது ஏற்றுக்கொண்டது என்றால், மற்றவர்களையும் சேர்த்து எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி போர் மூண்டது. அன்று காலை வரை அகதிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் அன்று முதல் வேறொரு பெயருக்கு உரியவரானார்கள். போர்க்காலச் சட்டத்தில் பகைநாட்டார் என்று ஒரு பிரிவு உண்டு. எதிரி நாட்டின் குடியுரிமை உடையவர் எவராயினும் அவர் பகைநாட்டார். ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதரும் சட்டத்தின் ஏட்டில் ஜெர்மானியரே. ஆகவே ஹிட்லரால் முதலில் துரத்தப்பட்டவர்களும், ஹிட்லருக்காக உளவு பார்க்க வந்தவர்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டார்கள்.

தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு நிதானமாகவே நடந்துகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். நாடெங்கும் ஏறத்தாழ 120 விசாரணை மன்றங்கள் அமைக்கப்பட்டன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் ஒவ்வொருவராக அவற்றின் முன் அழைக்கப்பட்டனர். ஆபத்தானவர் என்று முதல் பிரிவில் வைக்கப்பட்டுக் காவலில் அடைக்கப்பட்டவர்கள் 600 பேருக்கும் குறைவு. சில கட்டுப்பாடுகளுடன் விடப்பட்ட இரண்டாம் பிரிவினர் ஏறத்தாழ 6,700 பேர். ஐயத்துக்கு இடமில்லை என்று மூன்றாம் பிரிவில் விடப்பட்டவர்கள் ஏறத்தாழ 66,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாஜிக் கொடுமைக்குத் தப்பிய அகதிகள் என்று மன்றங்களே ஏற்றுக்கொண்டன. ஆளுக்கு ஆள் ஆராய்ந்தால் உண்மை வெளிப்படும் என்பதற்கு இந்த எண்களே சான்று.

ஆனால் அச்சம் வரும்போது ஆராய்ச்சி விடைபெற்றுக் கொள்கிறது. 1940 மே மாதம் 10-ஆம் தேதி ஜெர்மன் படைகள் ஹாலந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளுக்குள் புகுந்தன. ஹாலந்து ஐந்தே நாட்களில் வீழ்ந்தது. உள்ளிருந்து காட்டிக் கொடுத்தவர்களால்தான் இத்தனை விரைவாக வீழ்ந்தது என்ற பேச்சு இங்கிலாந்தில் காட்டுத்தீயாகப் பரவியது. ஐந்தாம் படை என்னும் தொடர் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் பிறந்தது. அது இப்போது இங்கிலாந்தின் பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பெற்றது. மே 12-ஆம் தேதி கடற்கரை மாவட்டங்களில் 16 வயது முதல் 60 வயது வரையுள்ள ஜெர்மன், ஆஸ்திரிய ஆண்கள் பிடிக்கப்பட்டனர். பிறகு இரண்டாம் பிரிவினர். ஜூன் மாத இறுதியில், ஐயத்துக்கு இடமில்லை என்று தீர்ப்புப் பெற்றிருந்த மூன்றாம் பிரிவினரும் பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ 27,000 பேர் இவ்வாறு அடைக்கப்பட்டனர். அவர்களுள் நான்காயிரம் பேர் அளவில் பெண்கள்.

அடைக்கப்பட்டவர்களுள் எத்தகையவர்கள் இருந்தார்கள் என்பதைப் பாருங்கள். பின்னாளில் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் அமைப்பை ஆராய்ந்து 1962-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்ற மாக்ஸ் பெரூட்ஸ் அவர்களுள் ஒருவர். அவர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். வானியல் அறிஞர்களாகப் பிற்காலத்தில் பெயர் பெற்ற ஹெர்மன் பாண்டியும் தாமஸ் கோல்டும் காவல் முகாமில்தான் நண்பர்களானார்கள். ஐல் ஆஃப் மான் என்னும் தீவில், விடுமுறைக்கு வருவோர் தங்கும் விடுதிகளைச் சுற்றி முள்வேலி கட்டி முகாம்களாக்கினார்கள். அந்த வேலிக்குள்ளே பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். இசைவாணர்கள் கச்சேரி செய்தார்கள். ஓவியர்கள் கிடைத்த பொருளைக் கொண்டு படம் தீட்டினார்கள். இதைக் கேட்டு முகாம் வாழ்க்கை இனிமையானது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கிருந்தோருள் பலர் ஜெர்மனியில் ஏற்கெனவே ஒருமுறை முள்வேலியைப் பார்த்தவர்கள். ஜெர்மன் படை கடலைத் தாண்டி வந்துவிட்டால் தாங்கள் கூண்டோடு அகப்படுவோம் என்ற அச்சம் அவர்களை உறங்கவிடவில்லை.

இதனினும் கொடியது கடற்பயணம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்ப அரசு முடிவு செய்தது. அரண்டோரா ஸ்டார் என்னும் கப்பல் இத்தாலியரையும் ஜெர்மானியரையும் ஏற்றிக்கொண்டு கனடாவை நோக்கிச் சென்றது. 1940 ஜூலை 2-ஆம் தேதி அயர்லாந்துக்கு மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதைத் தாக்கி மூழ்கடித்தது. அதிலிருந்தவர்களுள் 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹிட்லரையும் முசோலினியையும் எதிர்த்தவர்களும் மாண்டவருள் இருந்தனர். அடுத்த வாரமே, ஜூலை 10-ஆம் தேதி, தூனேரா என்னும் கப்பல் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 2,500 பேர் அதில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் யூத அகதிகள். காவலர்கள் அவர்களுடைய பொருள்களைப் பறித்தார்கள்; கடுமையாக நடத்தினார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதி கப்பல் சிட்னி நகரை அடைந்தது. அங்கிருந்து உள்நாட்டிலுள்ள ஹே என்னும் வறண்ட ஊருக்கு அவர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் எதிர்ப்பே எழவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எழுந்தது. தூனேரா புறப்பட்ட அதே ஜூலை 10-ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இதைக் குறித்துப் பெரிய விவாதம் நடந்தது. எலினார் ராத்போன் என்னும் பெண் உறுப்பினர், விக்டர் காஸலெட், கர்னல் வெட்ஜ்வுட் ஆகியோர் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பிரான்சு வீழ்ந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. நாளைக்கே பகைவன் கரையிறங்குவான் என்று நாடு நடுங்கிய நேரம் அது. அந்த நேரத்தில் பகைநாட்டார் எனப்பட்டோருக்காக ஒரு சபையில் வாதாடினார்கள் என்பது எண்ணத்தக்கது. அம்மாத இறுதியில் விடுதலைக்குரியோர் யார் யார் என்ற பட்டியலை அரசு வெளியிட்டது. 1941-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டனர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர் அப்போரில் பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றினார்கள். தூனேராவில் சென்றவர்களுள் பலர் ஆஸ்திரேலியச் சேனையில் சேர்ந்தார்கள். ஐந்தாம் படை என்று அஞ்சப்பட்டவர்கள் அடைக்கலம் தந்தவருக்கே படையாக நின்றார்கள்.

பிரான்சு நாட்டில் முடிவு வேறு விதமாயிற்று. அங்கும் 1939-இலேயே ஜெர்மன் அகதிகள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். 1940 ஜூன் 22-ஆம் தேதி பிரான்சு ஜெர்மனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் 19-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஜெர்மன் அரசு பெயர் சொல்லிக் கேட்கும் ஜெர்மானியரைப் பிரெஞ்சு அரசு ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் நிதியமைச்சராக இருந்த ருடால்ஃப் ஹில்ஃபர்டிங், பாராளுமன்றத் தலைவர்களுள் ஒருவராக இருந்த ருடால்ஃப் பிரைட்ஷைட் இருவரும் பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1941 பிப்ரவரியில் அவ்விருவரும் ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஹில்ஃபர்டிங் பாரிசிலே சிறைக்குள் மாண்டார். பிரைட்ஷைட் 1944-இல் பூகன்வால்ட் முகாமில் உயிர் துறந்தார். அடைக்கலம் தருவதாகக் கூட்டிலே வைத்துப் பின்பு வேடன் கையில் கொடுப்பது என்பது இதுவே.

இனி இதிலுள்ள சட்டச் சிக்கலைக் கவனியுங்கள். 1941 நவம்பர் 25-ஆம் தேதி ஜெர்மன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. வெளிநாட்டில் வாழும் யூதர்கள் அனைவரும் ஜெர்மன் குடியுரிமையை இழந்தனர் என்பது அந்த ஆணை. இனி அவர்கள் ஜெர்மானியர் அல்லர் என்று ஜெர்மனியே கூறிவிட்டது. எனினும், போர் நடக்கும்போது பகைநாட்டு அரசு செய்யும் குடியுரிமை மாற்றத்தை ஏற்க இயலாது என்று ஆங்கில நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்புக் கூறியது. ஆகவே அவர்கள் இங்கிலாந்தின் கண்ணில் பகைநாட்டாராகவே நீடித்தார்கள். பிறந்த நாடு 'நீ என்னவன் அல்லன்' என்கிறது. புகுந்த நாடு 'நீ அந்நாட்டானே' என்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலே திண்ணையும் இல்லாமல் நிற்பவனுடைய நிலை இதுவே. நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றிருந்த சட்டத்தில் அகதி என்பவருக்குத் தனி இடமே இல்லை. குறை சட்டத்தில் இருந்தது. திருத்தமும் சட்டத்தில்தான் வரவேண்டியிருந்தது.

நான் நெடுங்காலம் பள்ளியிலே பணியாற்றியவன். ஆகையால் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் உவமை சொல்லுகிறேன். வகுப்பறையில் சன்னல் கண்ணாடி ஒன்று உடைந்துவிடுகிறது. உடைத்தவன் யார் என்று தெரியவில்லை. வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்துவது எளிது. அதில் குற்றவாளியும் அகப்பட்டிருப்பான் என்று ஆறுதலும் கொள்ளலாம். ஆனால் அன்று முதல் அவ்வகுப்பில் நேர்மையாக இருப்பதற்கும் இல்லாமைக்கும் வேற்றுமை போய்விடுகிறது. ஆசிரியப் பயிற்சியின்போதே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இது: தண்டனை செயலுக்கு உரியது, வரிசைக்கு உரியதன்று. நாடுகளுக்கும் இப்பாடம் பொருந்தும். உளவாளியைப் பிடிக்கும் உரிமை நாட்டுக்கு உண்டு, அது கடமையுங்கூட. உளவாளி பிறந்த ஊரில் பிறந்தவர் எல்லாரையும் பிடிப்பது காவல் ஆகாது. அது காவலின் சோம்பல்.

இந்தப் பட்டறிவெல்லாம் போருக்குப் பின் சட்டமாக உருக்கொண்டது. 1949 ஆகஸ்டு 12-ஆம் தேதி ஜெனீவா நகரில் நான்கு உடன்படிக்கைகள் நிறைவேறின. நான்காவது உடன்படிக்கை போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பது. அதிலே நீங்கள் நினைவில் வைக்கவேண்டிய பிரிவுகள் சில உண்டு.

44-ஆவது பிரிவு இன்றைய பேச்சின் உயிர்நாடி. எந்த அரசின் பாதுகாப்பும் உண்மையில் இல்லாத அகதிகளை, ஏட்டளவில் அவர்கள் எதிரி நாட்டுக் குடிமக்கள் என்ற ஒரே காரணத்தால் பகைநாட்டாராக நடத்தலாகாது என்பது அதன் கருத்து. ஏட்டிலுள்ள குடியுரிமைக்கும் உண்மையான நிலைக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டம் இங்கே கண் திறந்து பார்க்கிறது. 42, 43-ஆவது பிரிவுகள், நாட்டின் பாதுகாப்புக்கு முற்றிலும் இன்றியமையாததானால் மட்டுமே ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்றும், அம்முடிவை ஒரு மன்றம் விரைவில் ஆராய வேண்டும், பின்பும் ஆண்டுக்கு இருமுறையேனும் ஆராய வேண்டும் என்றும் விதிக்கின்றன. 45-ஆவது பிரிவு, அரசியற் கருத்துக்காகவோ சமய நம்பிக்கைக்காகவோ துன்புறுத்தப்படுவோம் என்று ஒருவர் அஞ்சும் நாட்டுக்கு அவரை அனுப்பலாகாது என்கிறது. ஹில்ஃபர்டிங்கையும் பிரைட்ஷைட்டையும் நினைத்துக்கொண்டு 70-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்ட அரசு, போருக்கு முன்னரே அங்கு அடைக்கலம் புகுந்திருந்த தன் குடிமக்களை, அடைக்கலம் புகுந்ததற்காகப் பிடிக்கவோ தண்டிக்கவோ நாடு கடத்தவோ கூடாது என்பது அதன் சாரம். போர் தொடங்கிய பின் குற்றம் செய்தோரும், அமைதிக் காலத்திலும் ஒப்படைக்கத்தக்க பொதுக் குற்றம் செய்தோருமே அதற்கு விலக்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1951 ஜூலை 28-ஆம் தேதி, அகதிகளின் நிலையைப் பற்றிய தனி உடன்படிக்கை ஒன்று அதே ஜெனீவாவில் நிறைவேறியது. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் அவ்வாண்டு சனவரியிலேயே பணியைத் தொடங்கிவிட்டது. இனம், சமயம், நாட்டினம், சமூகப் பிரிவு, அரசியற் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்துடன் அஞ்சித் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி என்று அது இலக்கணம் வகுத்தது. அதன் 33-ஆவது பிரிவு, உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்துள்ள எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்று விதித்தது. 31-ஆவது பிரிவு, உயிருக்குத் தப்பி நேரே ஓடிவந்தவர் தாமே முன்வந்து காரணம் கூறினால், அனுமதியின்றி நுழைந்ததற்காக அவரைத் தண்டிக்கலாகாது என்றது. வீடு பற்றி எரியும்போது வெளியேறுபவன் வாயில் வழியாக வந்தானா, சன்னல் வழியாகக் குதித்தானா என்று கேட்பார் உண்டோ?

போரைக் குறித்தும் அவ்வுடன்படிக்கை மறந்துவிடவில்லை. ஒருவருடைய குடியுரிமையை மட்டுமே கொண்டு அகதிமேல் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கலாகாது என்று 8-ஆவது பிரிவு கூறுகிறது. போர் போன்ற பெரும் நெருக்கடியில், ஒருவர் உண்மையில் அகதிதானா என்று தீர்மானிக்கும் வரையில், நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய தற்காலிக நடவடிக்கைகளை அவர்மேல் எடுக்கலாம் என்று 9-ஆவது பிரிவு இடமளிக்கிறது. போர்க் குற்றம் செய்தவருக்கு இவ்வுடன்படிக்கையில் இடமே இல்லை. எனவே அகதிச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்லுகிறது என்பது தவறான கருத்து. கண்ணைத் திறந்து ஆளைப் பார்க்கச் சொல்லுகிறது, அவ்வளவே.

குறைகளும் உண்டு. முதலில் 1951 சனவரி முதல் தேதிக்கு முந்திய நிகழ்ச்சிகளால் அகதியானவர்களுக்கே அது பொருந்தியது. 1967-ஆம் ஆண்டின் துணை உடன்பாடு அந்த வரம்பை நீக்கியது. குண்டு வீச்சுக்கு அஞ்சி ஓடுவோர் எல்லாரும் அதன் இலக்கணத்துள் அடங்குவதில்லை. அதனால் ஆப்பிரிக்க நாடுகள் 1969-இல் தமக்கென ஓர் உடன்படிக்கை செய்து, வெளிநாட்டுப் படையெடுப்பாலும் பொது அமைதிக் குலைவாலும் ஓடுவோரையும் சேர்த்துக்கொண்டன. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு என்னும் முறையை முதன்முறையாக நடைமுறைப்படுத்தியது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் இடம்பெயர்ந்தோர் தொகை 12 கோடிக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகளின் அலுவலகம் கணக்கிட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம் நாட்டு எல்லையைத் தாண்டாதவர்கள். அகதி என்ற சட்டப் பெயருங்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அனைத்துக்கும் மேலாக, உடன்படிக்கை என்பது தாள். அதைக் காப்பது அரசுகளின் மனம். அரசுகளின் மனத்தைக் காப்பது மக்களின் மனம்.

நம் நாட்டு நிலை என்ன? இந்தியா 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ 1967-ஆம் ஆண்டு உடன்பாட்டிலோ சேரவில்லை. ஆயினும் அடைக்கலம் தந்த வரலாறு நமக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்கு நவாநகர் மன்னர் திக்விஜயசிங்ஜி 1942-இல் பாலாசடி என்னும் ஊரில் இல்லம் அமைத்தார். 1959 முதல் திபெத்தியர்கள் வந்தார்கள். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர்கள் நம் கடற்கரையிலே வந்து இறங்கினார்கள். சக்மா மக்களைப் பற்றிய வழக்கில் 1996-இல் நம் உச்ச நீதிமன்றம், குடிமகனாயினும் அல்லாதவனாயினும் ஒவ்வொரு மனிதனுடைய உயிரையும் விடுதலையையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் அகதிகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. கருணை இருக்கிறது, அதற்கு வரையறை இல்லை. வருபவர் யார் என்பதைப் பொறுத்து நடத்தும் விதம் மாறுவதற்கு இதனால் இடம் உண்டாகிறது. இந்தக் குறையைப் பற்றிச் சிந்திக்க வேண்டியவர்கள் நாளைய சட்ட வல்லுநர்களும் ஆட்சியாளர்களும் ஆகப் போகும் நீங்கள்தாம்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு ஒரு செய்தி. அகில இந்திய வானொலியின் அடையாள இசையை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதை அமைத்தவர் என்று கூறப்படுபவர் வால்டர் காஃப்மன். போஹீமியாவில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமை பரவிய காலத்தில், 1934-இல், பம்பாய்க்கு வந்து சேர்ந்து வானொலியில் பணியாற்றியவர். புகலிடம் தேடி வருபவர் வெறுங்கையோடுதான் வருகிறார் என்று இனி யாரேனும் சொன்னால் இந்தச் செய்தியை அவருக்குச் சொல்லுங்கள். எனினும் ஒன்றை மறவாதீர்கள். பெரூட்ஸ் போன்ற அறிஞரும் காஃப்மன் போன்ற கலைஞரும் கிடைப்பார்கள் என்பதற்காக நாம் அடைக்கலம் தரவேண்டியதில்லை. ஒரு திறமையும் இல்லாத முதியவளுக்கும், எழுத்தறியாத குழந்தைக்கும் அதே உரிமை உண்டு. உயிர் ஒன்றே அதற்குத் தகுதி.

அமைதிக் காலத்தில் எல்லாரும் அனுமனைப் பாராட்டுவார்கள். போர் வரும்போதுதான் ஒவ்வொருவரும் சுக்கிரீவன் பக்கம் சாய்கிறோம். சுக்கிரீவனும் கெட்டவன் அல்லன். தலைவன்மேல் கொண்ட அன்பினாலேயே அஞ்சினான். அச்சம் குற்றம் ஆகாது. அச்சத்தையே தீர்ப்பாக்கிக் கொள்வதுதான் குற்றம். உங்கள் வாழ்நாளிலும் அத்தகைய வேளை வரலாம். பத்திரிகையில் ஒரு சொல் வரும். தெருவில் ஒரு பேச்சுப் பரவும். ஒரு மொழி பேசுவோரை, ஒரு நாட்டிலிருந்து வந்தோரை, மொத்தமாகக் காட்டி ஐயுறச் சொல்லுவார்கள். அப்போது இவர் எங்கே பிறந்தார் என்பதோடு நில்லாமல், இவர் என்ன செய்தார், யாருக்கு அஞ்சி வந்தார் என்ற கேள்விகளையும் கேளுங்கள். 1949-இல் உலகம் சட்டமாக எழுதிக்கொண்டவை இவ்விரண்டு கேள்விகளே. அவற்றைக் கேட்கும் துணிவு சட்டப் புத்தகத்திலிருந்து வாராது, உங்களிடமிருந்துதான் வரவேண்டும்.